சமநிலை என்னும் சொல்லைப் பற்றி

தமிழ் பயில்வார் சொல்லின்மேல் வழக்கிடுதல் புதிதன்று. ஆதலின் பௌதிகத்தைத் தொட்டுச் செல்லும் இக்கட்டுரையைத் தமிழ்ப் பகுதியிற் காணும் அன்பர்கள், பக்கம் மாறி அச்சாயிற்றோ என்று ஐயுற வேண்டா. யாம் வழக்கிட வந்ததும் ஒரு சொல்லின்மேல்தான். 'சமநிலை' என்பது அச்சொல். சமன் என்பது துலாக்கோலுக்கு உரியது. இரு தட்டும் ஒத்து நின்றால் நாவு அசையாது நிற்கும். அந்நிற்றலைச் சமநிலை என்றல் பொருத்தமே. ஆனால் இந்நாளில் அசையாது தோன்றும் எதனையும் அப்பெயரால் அழைக்கின்றோம். காட்டிற்குச் சமநிலை, சந்தைக்குச் சமநிலை, சமுதாயத்திற்குச் சமநிலை என்று மேடைதோறும் அச்சொல் புழங்குகின்றது. இவ்வழக்கு பிழையுடையது என்பதும், அப்பிழை வெறும் இலக்கணப் பிழையாய் நில்லாது மனிதரை வருத்துவது என்பதும் எம் கருத்து.

இக்கருத்து எமக்கு நூலகத்தில் தோன்றவில்லை. சென்ற விடுமுறையில் எம் ஊராகிய ஆரணிக்குச் சென்றிருந்தோம். ஆங்குக் கைத்தறி பற்றி நடந்த கூட்டம் ஒன்றிற்கு எம் தாய்மாமன் எம்மையும் உடன் அழைத்துச் சென்றார். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்பவர். பேசிய பெரியவர் ஒருவர், "ஆரணியில் தறித்தொழில் இப்போது ஒரு சமநிலைக்கு வந்துவிட்டது. விடுவோர் விட்டனர், இருப்போர் இருக்கின்றனர். இனி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை" என்றார். அவையோர் கைதட்டினர். மாமன் தட்டவில்லை. வீடு திரும்பும் வழியில், "தம்பி, நீ தமிழ் படிக்கிறவன். அவர் சொன்ன சொல்லுக்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேட்டார். யாம் நிகண்டுப் பொருளைச் சொன்னோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறாமல் நடந்தார். எம் விடை விடையாகாது என்பதை அவர் நடையே உணர்த்திற்று.

கல்லூரிக்கு மீண்டபின் விடுதியிற் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரிடம் இதனை உரைத்தோம். அவர் சிரித்து, "உங்கள் பேச்சாளர் ஒன்றாகக் கட்டிய இரண்டு பொருள்களைப் பிரித்தறிவதற்கே எங்கள் துறையில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடுபடுகின்றோம்" என்றார். புள்ளிவிவரப் பௌதிகம் என்னும் அத்துறையைப் பற்றி அவர் வாயிலாகவும் அவர் தந்த நூல்களின் வாயிலாகவும் யாம் அறிந்தவற்றுள் எம் ஊருக்கு வேண்டுவனவற்றை மட்டும் ஈண்டுக் கூறுகின்றோம்.

எம் ஊர்ச் சாயப்பட்டறைக்கு வருக. ஆங்கு இரண்டு அண்டாக்கள் உள்ளன. ஒன்றில் அடுப்பு அணைந்து நெடுநேரமாயிற்று. சாயநீரில் பட்டுச் சிட்டம் இரவெல்லாம் ஊறிக் கிடக்கின்றது. விடியலில் நோக்கின், நீரின் நிறமும் மாறவில்லை. பட்டின் நிறமும் மாறவில்லை. உள்ளே யாதும் நிகழவில்லையோ எனின், அற்றன்று. கணந்தோறும் கோடானுகோடிச் சாயத்துகள்கள் பட்டைவிட்டு நீருக்குள் செல்கின்றன. அத்துணைத் துகள்களே நீரைவிட்டுப் பட்டினுள் நுழைகின்றன. எவ்வழியே ஒன்று போகின்றதோ அவ்வழியே மற்றொன்று மீள்கின்றது. போக்கும் வரவும் ஒவ்வொரு வாயிலிலும் தனித்தனியே ஒத்திருத்தலே பௌதிக நூலார் கூறும் சமநிலை. அத்துகள்களின் ஓட்டத்தைக் கைப்பேசியிற் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால், எது முன் எது பின் என்று எவராலும் கூற இயலாது.

மற்றோர் அண்டா அடுப்பின்மேல் உள்ளது. கச்சாப் பட்டின்மேல் ஒட்டியிருக்கும் பசையைச் சவுக்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் நீக்குகின்றனர். பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அப்பசையே. அவ்வண்டாவும் மணிக்கணக்கில் ஒரே தன்மையாய்த் தோன்றுகின்றது. கொதி ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை, நீர்மட்டமும் குறைவதில்லை. ஏன்? ஒருவர் விறகு தள்ளிக்கொண்டே இருக்கின்றார்; மற்றொருவர் நீர் வார்த்துக்கொண்டே இருக்கின்றார். அடியில் வெப்பம் நுழைகின்றது. மேலே ஆவியாய் வெளியேறுகின்றது. மேலே நுழைந்து அடியில் வெளியேறுதல் என்றும் நிகழ்வதில்லை. இப்படத்தைப் பின்னோக்கி ஓட்டினால், ஆவி இறங்கி நீராவதையும் புகை சுருண்டு விறகினுள் புகுவதையும் கண்டு குழந்தையும் நகைக்கும். இவ்விரண்டு அண்டாவும் மாறாதிருக்கின்றன. ஒன்று எவர் உதவியுமின்றி மாறாதிருக்கின்றது; மற்றொன்று ஊட்டப்படுவதால் மாறாதிருக்கின்றது. இரண்டாவதற்கு முதலாவதன் பெயரைச் சூட்டியதே அம்மேடைப் பேச்சின் பிழை.

முதல் அண்டாவைப் பற்றிய அறிவு ஏறக்குறைய நிறைவெய்தியது எனலாம். வியன்னா நகரினராகிய போல்ட்சுமன் (1844–1906) அதற்கு வழி வகுத்தார். அந்நகர இடுகாட்டில் அவர் கல்லறைமேல் அவருடைய சூத்திரமே பொறிக்கப்பட்டுள்ளது. சமநிலையில் உள்ள ஒரு பொருள் எந்நிலையில் எத்துணை நேரம் இருக்கும் என்பதை அறிய, அந்நிலையின் ஆற்றலும் பொருளின் வெப்பநிலையும் போதும். அப்பொருள் எங்கிருந்து வந்தது, எவ்வாறு இந்நிலையை அடைந்தது, நேற்று யாது நேர்ந்தது என்று கேட்க வேண்டுவதில்லை. சமநிலைக்குப் பழங்கதை இல்லை. இதனை எம் நண்பர் சொன்னபோது எம் உடல் சிலிர்த்தது. கதையில்லாத நிலை ஒன்று உண்டு என்பதைத் தமிழ் மாணவர் எளிதில் ஒப்புவரோ!

இரண்டாம் அண்டாவிற்கு அத்தகைய ஒரு சூத்திரம் இன்றும் இல்லை. சமநிலையினின்று சிறிதே விலகியவற்றிற்கு 1931-இல் ஆன்சாகர் விதி கண்டார். அதற்காக 1968-இல் நோபெல் பரிசு பெற்றார். வெகுதூரம் விலகியவற்றிலும் ஒழுங்கு தானே தோன்றக்கூடும் என்பதை வற்புறுத்திய பிரிகோசின் 1977-இல் அப்பரிசு பெற்றார். எத்துணைத் தூரம் விலகினும் பொருந்தும் சமன்பாடுகள் சில 1990-களில் கிடைத்தன. யார்சின்சுக்கி 1997-இல் கண்டது அவற்றுள் ஒன்று. எனினும், அணைந்த அண்டாவை ஆளும் ஒரு விதிபோல, எரியும் அண்டாக்கள் அனைத்தையும் ஆளும் விதி இதுவரை எழுதப்படவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் அடுப்பண்டை சென்று காண வேண்டியிருக்கின்றது. தம் அறியாமையின் எல்லையை இவ்வாறு கோடிட்டுக் காட்டும் துறையை யாம் மதிக்கின்றோம். எம் துறையில் இவ்வழக்கம் குறைவு.

எரியும் அண்டாவில் மட்டும் நிகழ்வதொன்று உண்டு. மெல்லிய நீர்ப்பரப்பை அடியிலிருந்து சிறிது சூடேற்றினால், வெப்பம் ஓசையின்றி மேலேறும், நீர் அசையாது. சூடு ஓர் எல்லையைக் கடந்தவுடன் நீர் முழுவதும் உருளை உருளையாய்ப் புரளத் தொடங்கும். சூடான நீர் ஒரு வரிசையில் ஏறும்; ஆறிய நீர் மற்றொரு வரிசையில் இறங்கும். உருளை செய்ய அந்நீருக்கு எவரும் கற்பிக்கவில்லை. பெனார் என்னும் பிரெஞ்சுக்காரர் 1900-இல் இத்தகைய அறைகளை ஆய்ந்தார். ராலே பிரபு 1916-இல் கணக்கிட்டார். இரு தட்டுகளுக்கிடையே அடைபட்ட நீர்மத்திற்கு அவ்வெல்லை 1708 என்னும் எண். இக்கணக்கை விரித்து, சுழலும் நீர்மத்திற்கும் காந்தப்புலத்தில் நிற்கும் நீர்மத்திற்கும் பொருத்தி 1961-இல் பெருநூல் இயற்றியவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். விண்மீன் ஆராய்ச்சிக்காக 1983-இல் நோபெல் பரிசு பெற்றவர் என்றே அவரை அறிவோம். அண்டா கொதிப்பதையும் அவர் நுணுகி நோக்கினார் என்பதை ஆரணியில் எத்துணைப் பேர் அறிவர்?

ஆரணி என்றதும் பட்டே நினைவுக்கு வரும். அதனோடு அரிசியும் வரவேண்டும். அரிசி ஆலைகளின் களங்களில் நெல் அம்பாரமாய்க் குவிந்திருப்பதைச் சிறுவயது முதல் கண்டுள்ளோம். குவியலின் உச்சியில் ஒரு கூடை கொட்டினால், சிலபோது நாலு மணி உருளும். சிலபோது ஒரு பக்கமே சரியும். அதற்கும் இதற்கும் கொட்டிய கை ஒன்றே. 1987-இல் பாக், தாங், வீசன்பெல்டு என்னும் மூவர் இதற்கு ஒரு விளையாட்டுக் கணக்கு வகுத்தனர். சதுரங்கப் பலகைபோன்ற கட்டங்களில் மணல் மணியை ஒவ்வொன்றாக இடுக. ஒரு கட்டத்தில் நாலு மணி சேர்ந்தால், அண்டைக் கட்டம் நான்கிற்கும் ஒவ்வொன்று போய்விடும். ஓரத்தில் உள்ளவை பலகையைவிட்டு விழும். அவ்வளவே விதி. நெடுநேரம் இட்டுக்கொண்டே இருந்தால், ஒரு மணியால் ஒன்றும் நேராமலும் இருக்கலாம். பலகை முழுதும் குலையவும் கூடும். சிறு சரிவு மிகப் பல, பெருஞ்சரிவு மிகச் சில. ஆயினும் இயல்பான அளவு இஃதென்று சுட்டத்தக்க சரிவு ஒன்றில்லை.

இவ்விளையாட்டின் உட்கணக்கை 1990-இல் விடுவித்தவர் இந்தியர். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்த தீபக் தார். எந்தக் கட்டத்தை முதலிற் சரியவிட்டாலும் இறுதி நிலை ஒன்றே என்பதையும், மீண்டும் மீண்டும் தோன்றக்கூடிய நிலைகள் எத்தனை என்பதையும் அவர் காட்டினார். இத்துறையின் தலைசிறந்த விருதாகிய போல்ட்சுமன் பதக்கத்தை 2022-இல் ஆப்பீல்டு என்பாரோடு ஒருங்கே பெற்றார். அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. கணக்கு கணக்காகவே நிற்குமோ, உண்மைக் குவியலும் அதற்குக் கட்டுப்படுமோ என்று ஐயம் எழுந்தது. உண்மை மணல் பலபோது கட்டுப்படவில்லை. நார்வே நாட்டு ஆசுலோ நகரினர் மணலை விடுத்து அரிசியை எடுத்தனர். இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே மணி மணியாய் இட்டு நோக்கினர். நீண்ட அரிசி அக்கணக்கிற்கு இசைந்தது. உருண்டை அரிசி இசையவில்லை. நீண்டது உருளாமல் உராய்ந்து நிற்பதே காரணம் என்பர். 1996-இல் வெளிவந்த இம்முடிவை எம் ஊர் ஆலைக்காரர் ஒருவரிடம் கூறினோம். "அதற்கு நார்வே போக வேண்டுமா? சன்ன ரகம் ஒருவிதமாய்க் குவியும், குண்டு ரகம் ஒருவிதமாய்க் குவியும் என்று மூட்டை தூக்குகிறவரைக் கேட்டால் சொல்லுவாரே" என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் எத்துணைச் சரிவுக்கு எத்துணை என்று எண்ணிப் பார்த்தவர் ஆசுலோவினர். அவரைப் போற்றுதல் வேண்டும்.

இதனினின்று யாம் எடுத்துக்கொள்வது ஒன்று. சமநிலையில் உள்ள பொருளுக்குச் சிறு இடையூறு நேர்ந்தால் சிறு விளைவே நேரும். ஊட்டப்பட்டு நிற்கும் பொருளுக்கு அவ்வுறுதி இல்லை. பெருஞ்சரிவு கண்டவிடத்துப் பெருங்காரணம் தேடுதல் நம் வழக்கம். கடைசியாக விழுந்த மணியைக் குற்றவாளியாக்குதலும் நம் வழக்கம். இரண்டும் தவறாய் முடியலாம்.

சராசரி என்பதைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துச் சீராம் ராமசாமியும் அவரோடு உழைத்தோரும் மெல்லிய செப்புக் கம்பித் துண்டுகளைத் தட்டொன்றிற் பரப்பி மேலும் கீழுமாய்க் குலுக்கினர். சமநிலையில் உள்ள துகள்களாயின், சராசரியாகப் பதினாயிரம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய நூறு கூடும் அல்லது குறையும். நூறு இருக்கும் இடத்தில் பத்து. எண்ணிக்கை பெருகப் பெருக, ஏற்றத்தாழ்வின் விகிதம் சுருங்கிவிடும். அதனாலேயே சராசரியை நம்புகின்றோம். குலுங்கும் செப்புத் துண்டுகளோ அவ்வாறு சுருங்க மறுத்தன. ஓரிடத்தில் மொய்த்தும் ஓரிடத்தில் வெறிச்சோடியும் நெடுநேரம் நின்றன. 2007-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியைப் படித்தபின், ஒரு தொழிலின் சராசரி வருவாயைக் கூறும் அறிக்கையைக் கண்டால், இது எவ்வகைத் துகள்களின் சராசரி என்று எம் உள்ளம் கேட்கின்றது.

இனிப் பட்டிற்கு வருவோம். இவ்வளவும் சொல்லிப் பட்டுப்புழுவைச் சொல்லாது விட்டால் ஆரணியான் என்று எம்மை எவரும் மதியார். புழுவின் வயிற்றில் உள்ள சுரப்பிகளில் பட்டு, நூலாய் இருப்பதில்லை. பிசுபிசுத்த பாகாய் இருக்கின்றது. அப்பாகை எடுத்து ஒரு கிண்ணத்தில் வாளாவிட்டால், நாளடைவில் கட்டியாய் உறைந்துபோகும். அக்கட்டியில் வலிவும் இல்லை, மினுக்கும் இல்லை. புழு யாது செய்கின்றது? பாகைப் பிதுக்கித் தள்ளுவதில்லை. நுனியை ஓரிடத்தில் ஒட்டிவைத்துத் தன் தலையை எட்டுப்போல ஆட்டி ஆட்டி இழுக்கின்றது. இழுபடும் வேகத்தில், தாறுமாறாய்ச் சுருண்டு கிடந்த சங்கிலிகள் நேராய் ஒருபுறம் நோக்கி அடுக்குறுகின்றன, நீர் பிரிகின்றது, பாகு இழையாகின்றது. தீயும் இல்லை, ஆலையும் இல்லை. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இழை அறாது நீள்கின்றது. இழுக்கும் வேகத்தை மாற்றினால் இழையின் குணமும் மாறும் என்று 2002-இல் சாவோ, வால்ராத் என்னும் இருவர் காட்டினர். புழுவிடமிருந்து விரைந்து இழுத்த இழை வலிவு மிகுந்தது. மெல்ல இழுத்தது வலிவு குறைந்து நீளுந்தன்மை மிகுந்தது.

பாகும் ஒன்றே, அதன் அளவும் ஒன்றே. ஒருவழிச் சென்றால் கட்டி. மற்றொருவழிச் சென்றால் முகூர்த்தப் புடவை. சமநிலைக்குக் கதை வேண்டா என்றோமே, பட்டின் உயிரே அதன் கதையில் உள்ளது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை அன்பர்கள் கருதுதல் வேண்டும். அண்டாவின் அடுப்பை அணைத்தால் உருளைகள் மறையும். மறுபடியும் மூட்டினால் உருளைகள் மீண்டும் தோன்றும். அவ்வொழுங்கு போய் வரக்கூடியது. கட்டியாய் உறைந்த பட்டுப்பாகையோ எத்துணை வேகமாய் இழுத்தாலும் புழுவால் இழையாக்க இயலாது. அவ்வொழுங்கு ஒருமுறை தவறினால் தவறியதே. ஊட்டத்தால் நிற்கும் பொருள்களுள் இவ்விரு வகையும் உள. ஒரு பொருளைப் பார்த்தவுடன் இஃது எவ்வகை என்று சொல்லிவிட இயலாது. ஊட்டம் ஒருமுறை நின்று மீண்டபோதுதான் தெரியவரும்.

எம் தெருவில் அது 2020-இல் நின்றது. அவ்வாண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது எமக்கு வயது பதின்மூன்று. அதற்கு முன்னெல்லாம் விடியலில் தெருநெடுகப் பாவு நீட்டியிருப்பர். சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டே பள்ளிக்குச் செல்வோம். வீட்டுக்கு வீடு தறியொலி கேட்கும். அது கேட்டுக்கொண்டே இருந்தமையால் கேட்டதில்லை. கர்நாடகத்துக் கச்சாப் பட்டு நின்றது; சூரத்துச் சரிகை நின்றது; கல்யாணங்கள் நின்றன; கல்யாணம் நின்றமையால் புடவை வாங்குவோரும் நின்றனர். மாமன் தறியில் பாதி நெய்த பாவு ஒன்று இருந்தது. ஊடைக்குப் பட்டு தீர்ந்ததும் அதனைத் துணியால் மூடிவைத்தார். தெருவில் அன்று நிலவிய அமைதிதான், அன்பர்களே, பௌதிக நூலார் கூறும் உண்மைச் சமநிலையை நோக்கிய பயணம். பட்டு உள்ளே வருவதில்லை, புடவை வெளியே போவதில்லை, கணக்கு நேராயிற்று!

அதற்கு முன் எம் ஊரில் தறிகளின் தொகை ஏறக்குறைய மாறாதிருந்ததாகத் தோன்றியிருக்கலாம். அது சாயநீரில் ஊறும் சிட்டத்தின் மாறாமை அன்று. ஒரு வாயிலில் பட்டும் சரிகையும் கடனும் நுழைந்தன. மற்றொரு வாயிலில் புடவை சென்றது. சென்ற புடவை நூலாய் மீண்டதில்லை. பழம்பட்டு வாங்குவோர் தெருவிற் கூவிச் செல்வர். சரிகையின் வெள்ளிக்காகக் கிழிந்த புடவையை எடுத்துச் செல்வர். அஃது எரிக்கும் இடத்திற்குச் செல்லும் வேறொரு வாயில். வந்த வழி மீளுதல் ஆகாது.

ஊரடங்கு தளர்ந்தபின் பட்டு வந்தது, சரிகை வந்தது, கல்யாணங்களும் வந்தன. அடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது என்றே கொள்ளலாம். உருளைகள் அனைத்தும் மீண்டனவோ? மாமன் துணியை நீக்கி அப்பாவை நெய்து முடித்தார். எதிர்வீட்டார் முடிக்கவில்லை. அதற்குள் அவர் தறிமரத்தை விற்றுவிட்டு வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றிற்குக் காவலாளியாய்ச் சென்றிருந்தார். அவர் விழுது கட்டும் நேர்த்தியைத் தெருவே புகழும். அவர் மகன் எம்மோடு படித்தவன். தார் சுற்றவும் அறியான். அக்குடியில் அத்தொழில் உறைந்த பாகாயிற்று. ஊட்டம் மீண்டதால் மட்டும் அஃது இழையாகாது.

கூட்டத்திற் பேசிய பெரியவருக்கு யாம் கூற விரும்பும் விடை இதுவே. தறித்தொழில் சமநிலை எய்தியது என்றால், விடுவோர்க்கு நிகராக நுழைவோர் இருத்தல் வேண்டும். நுழைவோர் எங்கே? 2009–10-இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி நெசவாளரும் துணைத்தொழிலாளரும் சேர்ந்து 43.31 இலட்சம். 2019–20-இல் எடுத்த கணக்கில் 35.22 இலட்சம். இஃது ஊரடங்கிற்கு முற்பட்ட நிலை என்பதையும் நோக்குக. கரையிட்ட பட்டுப் புடவை முதலியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985 முதல் உண்டு. ஓர் ஒழுங்கு தானே நிற்கவல்லதாயின், அதற்கு வேலியெடுத்த சட்டம் எதற்கு? வேலி தவறென்று யாம் கூறவில்லை. வேலியும் விறகே என்கின்றோம். எரியும் அண்டாவை அணைந்த அண்டா என்று எண்ணுபவர், நல்லெண்ணத்தோடேயே விறகை நிறுத்திவிடுவார். அது தானே நிற்கின்றதே, இனி விறகு எதற்கு என்பார். ஆகவேதான் சொற்பிழை மனிதரை வருத்தும் என்றோம்.

நெசவாளர் மணல் மணியுமல்லர், செப்புக் கம்பியுமல்லர் என்று எம்மை மறுப்போர் உளர். அவரோடு யாமும் உடன்படுகின்றோம். ஓர் ஊரின் வாழ்வை 1708 என்னும் எண்ணில் அடைக்கலாம் என்று கூறவில்லை. அவ்வாறு கூறும் பௌதிகரை யாமே முதலில் எதிர்ப்போம். மாறாது நிற்கும் ஒன்றைக் கண்டால், இதனை ஊட்டுவது யாது, இதனுள் நுழைந்தது எவ்வழி வெளியேறுகின்றது, ஊட்டம் ஒருநாள் நின்றால் மீளுமோ மீளாதோ என்னும் மூன்று வினாக்களை மட்டுமே அவரிடமிருந்து கடன் கொள்கின்றோம். எம் துறை நண்பர் சிலர் வேறொரு வழியாய் வருவர்: இவையெல்லாம் நம் பழநூல்களில் முன்னரே உள்ளன என்று செய்யுள் காட்டுவர். அவ்வழி யாம் செல்லோம். போல்ட்சுமன் கண்டதைப் போல்ட்சுமனுக்கே விடுவோம். பழந்தமிழிற் சொல்வளம் உண்டு. அதனைக்கொண்டு புதிய பொருளுக்குப் பெயரிடுதலே நம் பணி.

ஆதலின் பெயர் ஒன்று இடத் துணிந்தோம். அணைந்த அண்டாவிற்குச் 'சமநிலை' என்பதே இருக்க. எரியும் அண்டாவின் மாறாமைக்கு 'ஒழுகுநிலை' என்று பெயரிட்டோம். ஒழுகுதல் இடையறாது செல்லுதல். ஆற்றின் செலவையும் ஒழுக்கு என்போம், மனிதர் வாழும் நெறியையும் ஒழுக்கம் என்போம். இப்பெயரை எண்ணி எண்ணி மகிழ்ந்து, அடுத்த விடுமுறையில் ஆரணி சென்றபோது மாமனிடம் கூறினோம். அவர் தறியினின்று தலையெடாமலே கேட்டார். "ஒழுகுநிலையா? ஐப்பசி மழையில் நம்ம கூரைக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும், தம்பி" என்றார். அத்தையும் உள்ளிருந்து சிரித்தார்.

பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு அப்பொருளே வலிவுடையது என்பதை யாம் மறந்துபோனோம். ஆயினும் சிறிது நேரங்கழித்து மாமனே நாடாவை நிறுத்தி, "ஒழுகுகிறதை ஒழுகுகிறது என்று சொன்னால்தானே ஓடு மாற்றுவான்? அதுவே இருக்கட்டும்" என்றார். அவர் இசைவு பெற்றும் எமக்கு மனம் நிறையவில்லை. இதனினும் நற்சொல் அறிந்த ஆசிரியன்மாரும் பழைய மாணவரும் நண்பர்களும், அடுத்த மலர் அச்சேறுமுன் தமிழ்ப் பகுதிக்கு எழுதியனுப்புவாராக. பட்டறையிலோ களத்திலோ புழங்கும் சொல்லாயின் அதனை முதற்கண் வரவேற்போம்.